காசநோய்ப் பரவல் மாதிரி: வீட்டுக்குள் நிகழ்வது ஐந்தில் ஒரு பங்குதானா?

கேள்வி: பொன்னி

அனைவருக்கும் வணக்கம். முதுகலைக் கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். காசநோய் மனிதத் தொடர்புகள் வழியாகப் பரவும் விதத்தைக் கணித மாதிரியாக அமைப்பதே என் ஆய்வேட்டின் பொருள். ஆறு மாதமாக இதில் உழைத்து வருகிறேன். இப்போது ஓரிடத்தில் என் கணக்கும் களத்தில் கண்டறியப்பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மாதிரியின் அடிப்படை வழக்கமானதுதான். மக்கள்தொகையைத் தொற்றாதவர்கள், அண்மையில் தொற்றியவர்கள், நெடுநாளாக மறைநிலைத் தொற்று (கிருமி உடலில் இருந்தும் நோய் வெளிப்படாத நிலை) உள்ளவர்கள், நோய்வாய்ப்பட்டவர்கள், சிகிச்சை முடித்தவர்கள் என்று பிரித்து, ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்கள் நகரும் வேகத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதியிருக்கிறேன். தொற்றியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினர்தாம் வாழ்நாளில் நோய்வாய்ப்படுகிறார்கள் என்பதாலும், அவர்களிலும் பெரும்பாலோர் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நோய்வாய்ப்பட்டுவிடுகிறார்கள் என்பதாலும் மறைநிலையை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இதுவரை தடையில்லை.

தடை வந்தது தொற்றுவிசையை, அதாவது தொற்றாதவர்களுக்குத் தொற்றும் வேகத்தைக் கணக்கிடும்போது. யார் யாருடன் எவ்வளவு நேரம் பழகுகிறார்கள் என்பதைத் எண் அட்டவணையாக, அதாவது தொடர்பு அணியாக எழுத, ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பாலிமாட் ஆய்வின் முறையைப் பின்பற்றினேன். அந்த ஆய்வில் 7,290 பேர் ஒரு நாள் முழுவதும் தாங்கள் சந்தித்தவர்களை நாட்குறிப்பில் எழுதினார்கள். நேருக்கு நேர் மூன்று சொற்களேனும் பேசியிருந்தாலோ உடலால் தொட்டிருந்தாலோ அது ஒரு தொடர்பு. அதே வரையறையோடு எனக்குத் தெரிந்த சில குடும்பங்களில் நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். அவற்றைச் சுருக்கி ஒரு மாதிரி நோயாளியை அமைத்தால், அவர் வீட்டில் நான்கு பேருடன் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமும், வேலை செய்யும் இடத்தில் ஆறு பேருடன் நான்கு மணி நேரமும் கழிக்கிறார். ஆள்-மணிக் கணக்கில் வீட்டுக்கு 40, வேலையிடத்துக்கு 24. ஆகவே தொற்றில் 62.5 விழுக்காடு வீட்டுக்குள்ளேயே நிகழ வேண்டும் என்கிறது என் மாதிரி. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும் என்று நாம் கேட்டு வளர்ந்ததோடும் இது ஒத்துப்போகிறது.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், காசநோய் மிக அதிகமுள்ள இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் இருந்த 129 வீடுகளைச் சேர்ந்த 313 பேரின் கிருமிகளை மரபணுக் கைரேகை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். தன் வீட்டிலுள்ள இன்னொரு நோயாளியின் கிருமியோடு ஒத்துப்போனவர்கள் 46 விழுக்காடுதான். அந்தப் பகுதியின் மொத்தப் பரவலில் வீட்டுக்குள் நிகழ்ந்தது 19 விழுக்காடு என்று முடிவு சொல்கிறார்கள்.

62.5க்கும் 19க்கும் இடையே இருப்பது அளவுரு ஒன்றைத் திருத்திச் சரிசெய்துவிடக்கூடிய இடைவெளி அல்ல. என் மாதிரி எங்கே தவறுகிறது?

மறுமொழி: மதியழகன் (உயிரிப் புள்ளியியல்)

பொன்னி, உங்கள் கூட்டல் கழித்தலில் பிழையில்லை. இரண்டு இடங்களில் மாதிரி வழுக்குகிறது. ஆள்-மணி கூடும் விகிதத்திலேயே தொற்றும் கூடும் என்று எடுத்துக்கொண்டது ஒன்று. நாட்குறிப்பில் பதிவாகாத ஆட்களை இல்லாதவர்களாகவே கொண்டது மற்றொன்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

பாலிமாட் வரையறை, நெருங்கிப் பேசும்போது பரவும் நோய்களை மனத்தில் கொண்டு எழுந்தது. காசநோய்க் கிருமியைச் சுமக்கும் நுண்துகள்கள் மூடிய அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கக் கூடியவை. பேருந்தில் உங்களுக்கு நான்கு இருக்கை பின்னால் உட்கார்ந்திருந்து, உங்களை ஒருமுறைகூடப் பார்க்காமல் இறங்கிப்போனவர் உங்கள் நாட்குறிப்பில் வர மாட்டார். ஆனால் ஒரு மணி நேரம் நீங்கள் இருவரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நோயாளி தினமும் 30 பேர் உள்ள பேருந்தில் மொத்தம் ஒரு மணி நேரம் பயணம் செய்கிறார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது 30 ஆள்-மணி. வீட்டின் பங்கு 94இல் 40, அதாவது 42.6 விழுக்காடாகக் குறைகிறது.

இனி முதலாவது. நோயாளியோடு காற்றைப் பகிரும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 0.005 அளவு தொற்று மருந்தளவு போல ஒருவருக்குள் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண். நோய் கண்டறியப்படும் வரை 90 நாள் என்போம். வீட்டிலுள்ள ஒருவருக்குச் சேரும் அளவு 10 × 90 × 0.005, அதாவது 4.5. தொற்றுவதற்கான நிகழ்தகவு 4.5 ஆகிவிடாது, 2.718ஐ (கணிதத்தில் e எனப்படும் மாறிலி) –4.5 என்ற அடுக்குக்கு உயர்த்தி 1இலிருந்து கழிக்க வேண்டும். கிடைப்பது 0.989. நான்கு பேருக்கும் சேர்த்து 3.96 தொற்றுகள். வேலையிடத்தில் ஒருவருக்கு 1.8 சேர்கிறது, நிகழ்தகவு 0.835, ஆறு பேருக்கு 5.01. பேருந்தில் தினமும் வேறு வேறு ஆட்கள் என்றால் 90 நாளில் 2,700 பேர். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 0.005 மட்டுமே, ஆனால் அத்தனை பேரையும் கூட்டினால் 13.47 தொற்றுகள் வருகின்றன. மொத்தம் 22.4, அதில் வீட்டின் பங்கு 17.6 விழுக்காடு.

இந்த எண் கேப்டவுனின் 19க்கு அருகில் வந்தது தற்செயல். அதைச் சான்றாக ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். கவனிக்க வேண்டியது 62.5 எப்படி 17.6 ஆயிற்று என்பதைத்தான். ஒரு குடம் நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும். வீட்டிலிருப்பவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே தொற்றிவிடுகிறது; அதன்பிறகு நோயாளியோடு கழிக்கும் நூற்றுக்கணக்கான மணி நேரத்தால் புதிய தொற்று எதுவும் உண்டாவதில்லை. நேர்விகிதம் கொண்ட மாதிரியோ, வழிந்துபோன அந்த நீரையும் குடத்துக்குள் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது. நிக்கி மெக்ரீஷ், ரிச்சர்ட் வைட் இருவரும் 2018இல் வெளியிட்ட கட்டுரை இதே நிறைவு விளைவைக் கொண்டுதான், வீட்டினரும் அறிமுகமானவர்களும் பெறும் தொற்றின் பங்கு ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதை விளக்குகிறது. அதை அவசியம் படியுங்கள்.

கணினி இல்லாமலே இதை உணர இன்னொரு வழியும் உண்டு. நெதர்லாந்தின் ஹேக் நகரிலிருந்து பணியாற்றிய காரெல் ஸ்டிப்லோ 1980களில் ஒரு விதியைச் சொன்னார்: ஆண்டுக்கு 1 விழுக்காடு மக்களுக்குப் புதிதாகத் தொற்றும் ஊரில், லட்சத்துக்கு ஆண்டுதோறும் 50 பேர் சளியில் கிருமி தெரியும் நோயாளிகளாவார்கள். சிகிச்சை பெறாத ஒருவர் சராசரியாக இரண்டு ஆண்டு பரப்பும் நிலையில் இருப்பார் என்று கொண்டால், எந்த நேரத்திலும் ஊரில் 100 நோயாளிகள் இருப்பார்கள். அவர்கள் ஆண்டில் 1,000 பேருக்குத் தொற்ற வைக்கிறார்கள். ஆக, ஒரு நோயாளி ஆண்டுக்குப் பத்துப் பேர், இரண்டு ஆண்டில் இருபது பேர். அவருடைய வீட்டில் மேலும் நான்கு பேர்தானே இருக்கிறார்கள்? நால்வருக்கும் தொற்றினாலும் மீதிப் பதினாறு பேர் வெளியார்தாம். சிகிச்சை பரவலான பிறகு இந்த விதி அப்படியே பொருந்துவதில்லை. ஆனாலும் வீட்டின் பங்குக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்பதையும், அதை விதிப்பது குடும்பத்தின் அளவுதான் என்பதையும் இவ்வளவு எளிதாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

தொடக்ககால மாதிரிகளில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை என்பதையும் உங்கள் முன்னுரையில் சேர்க்கலாம். ஹான்ஸ் வாலரும் உடன் இருவரும் 1962இல் காசநோய்க்கான முதல் கணித மாதிரியை வெளியிட்டார்கள். 1974இல் வாலரே கோத்தி, பெய்லி, நாயர் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்தியக் கிராமப்புறத்துக்காக ஒரு மாதிரியைக் கணக்கிட்டார். ஊர் மக்கள் அனைவரும் ஒன்றோடொன்று கலந்திருப்பதாகக் கொள்வதே அன்றைய வழக்கம். குடும்பம், அதைச் சுற்றியுள்ள நெருங்கிய வட்டம், அதற்கு வெளியே உள்ள ஊர் என்று அடுக்கி எழுதும் முறை பின்னால் வந்தது. அப்பாரிசியோ, கப்புரோ, காஸ்டிலோ-சாவேஸ் மூவரும் 2000இல் எழுதிய கட்டுரை அதற்கு நல்ல தொடக்கம்.

வயதைப் பற்றி ஒரு சொல். ஃப்ளூ காய்ச்சலுக்கான அணியில் பள்ளிக் குழந்தைகளே பரவலின் நடுவில் நிற்பார்கள். சிறு குழந்தைகளின் காசநோயில் கிருமிகள் குறைவு, பெரும்பாலும் அவர்கள் பிறருக்குப் பரப்புவதில்லை. எனவே ஃப்ளூவுக்கான அணியை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் விடை முழுவதும் திசைமாறிவிடும்.

மறுமொழி: தனலட்சுமி (காசநோய்த் திட்டக் களப்பணி, ஓய்வு)

கணக்கு எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் விளங்கிய பாதி மனத்தை மிகவும் தொந்தரவு செய்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளின் வீடு வீடாகப் போய், உடன் வசிப்பவர்களுக்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லி அழைத்து வந்தவள் நான். வீட்டுக்குள் நடப்பது ஐந்தில் ஒரு பங்குதான் என்ற ஒற்றை வரியை நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்கள் படித்தால், வீட்டுக்குப் போவதே வீண் வேலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால் மதியழகன் அவர்கள் போட்ட கணக்கையே எடுத்துத் திருப்பிக் கேட்கிறேன். வீட்டிலிருக்கும் ஒருவருக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு 99. ஒரு நாள் பேருந்தில் உடன் வந்தவருக்கோ 1,000க்கு 5. நான் நாலு கதவைத் தட்டினால் நாலு பேரையும் பிடித்துவிடலாம். பேருந்தில் வந்தவர்களில் பதின்மூன்று பேரைப் பிடிக்க 2,700 பேரை எங்கே போய்த் தேடுவது? ஊரில் மொத்தமாக எங்கே அதிகம் பரவுகிறது என்பது ஒரு கேள்வி. இன்று காலை நான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வேறு கேள்வி. பொன்னி ஆய்வேட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் நாங்கள் அன்றைக்கே ஓடுவோம். குழந்தை பிறருக்குப் பரப்பாது என்று மேலே எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் தொற்றிய குழந்தைக்கு நோய் விரைவாக முற்றும், மூளைவரை போய்விடும். பரவலை மட்டும் எண்ணும் மாதிரியில் அந்தக் குழந்தைக்கு எடையே இருக்காது. நோயையும் இறப்பையும் எண்ணும்போதுதான் அது கணக்குக்குள் வரும்.

இன்னொன்று, சென்னையின் பெயர் இந்தத் துறையில் நிலைத்ததற்கே காரணமான ஆய்வு. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள், மற்றவர்களைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு இடவசதியும் சத்தான உணவும் குறைவு. இருந்தும் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியமானது உடன் வசித்தவர்களின் கதை. அவர்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்தார் என்பதற்காக வீட்டாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்று தெரிந்தது. பரவ வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே பரவிவிட்டது. சரியான மருந்து தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாக அடங்குகிறது. மாதிரியில் 90 நாள் என்று ஒரு எண்ணைப் போட்டீர்களே, எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர், எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தவறவிடப்பட்டிருப்பார்கள். இருமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகும் எங்களைப் போன்றவர்களின் கண்ணில் அவர்கள் படவே மாட்டார்கள். அவர்களுக்கு 90 நாள் போதுமா என்று யோசியுங்கள்.

கடைசியாக, "தொடர்பு" என்ற சொல்லைப் பற்றி. நான் போன வீடுகளில் நோயாளியின் தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மருமகளின் தட்டு குளியலறைத் திண்டில் இருந்தது. அதே வீட்டில் கொசுவுக்குப் பயந்து ஒரே ஜன்னலையும் அடைத்து, ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். தட்டு வழியாக இந்த நோய் பரவாது; அடைத்த ஜன்னலால் பரவும். நீங்கள் தமிழில் எழுதும்போது தொடர்பு என்பது தொடுதல் என்ற பொருளில் போய்ச் சேராதபடி எழுதுங்கள் அம்மா. அந்த மருமகளைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

மறுமொழி: இளங்கோ (காற்றோட்டப் பொறியியல்)

தனலட்சுமி அம்மா அடைத்த ஜன்னலைச் சொன்னதால் எழுதுகிறேன். மதியழகன் மணிக்கு 0.005 என்ற எண்ணை எல்லா இடத்துக்கும் ஒன்றாக வைத்தார். உண்மையில் அது இடத்துக்கு இடம் மாறும், மாறும் விதத்துக்கும் சமன்பாடு உண்டு. வெல்ஸ், ரைலி இருவரின் பெயரில் வழங்கும் அந்தச் சமன்பாட்டின்படி, ஒருவர் உள்ளிழுக்கும் தொற்றளவு என்பது நோயாளிகளின் எண்ணிக்கை, ஒரு நோயாளி மணிக்கு வெளிவிடும் தொற்றலகுகள் (தொற்றை உண்டாக்கும் கிருமியளவை எண்ணும் அலகு), மற்றவர் மணிக்குச் சுவாசிக்கும் காற்றின் கன அளவு, நேரம் ஆகிய நான்கின் பெருக்கத்தை, அறைக்குள் மணிக்கு வந்துசேரும் புதிய காற்றின் கன அளவால் வகுத்தால் கிடைப்பது. புதிய காற்று வகுக்கும் இடத்தில் இருப்பதைப் பாருங்கள்: ஜன்னலைத் திறந்து காற்றோட்டத்தை இரட்டிப்பாக்கினால் தொற்றளவு பாதியாகிறது.

இது காகிதத்தில் மட்டும் பிறந்ததன்று. அமெரிக்காவின் பால்டிமோரில் 1950களின் பிற்பகுதியில் ரைலியும் உடன் பணியாற்றியவர்களும், காசநோயாளிகள் இருந்த ஆறு படுக்கை வார்டின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்கு இழுத்து, அங்கே வளர்த்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். நோயாளிகளை ஒருமுறைகூடப் பார்த்திராத, தொட்டிராத அந்த விலங்குகளுக்குத் தொற்றியது. அதே காற்றைப் புறஊதா ஒளியில் கடத்தி அனுப்பியபோது மற்றொரு கூண்டு வரிசையிலிருந்த விலங்குகளுக்குத் தொற்றவில்லை. காற்றே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

களத்தில் ஒவ்வொரு அறையின் காற்றோட்டத்தையும் அளப்பது கடினம். அதற்கு மாற்றாக ருட்னிக், மில்டன் இருவரும் 2003இல் ஒரு வழி காட்டினார்கள்: கரியமில வாயுவை அளந்தால் போதும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு). நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 38,000 பிபிஎம். ஓர் அறையில் கருவி 1,600 காட்டினால், கூடுதலான 1,180ஐ 38,000ஆல் வகுக்க 0.031 வருகிறது. அதாவது அங்கே இழுக்கும் ஒவ்வொரு நூறு மூச்சிலும் மூன்று மூச்சு, இன்னொருவரின் நுரையீரலிலிருந்து வந்த காற்று. கேப்டவுனில் ராபின் வுட் குழுவினர் இந்தக் கருவியை ஆட்களிடம் கொடுத்து அன்றாட இடங்களில் அளந்தார்கள். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், மக்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் சிறுவேன் டாக்சிகளே பொதுப் போக்குவரத்தில் மிக ஆபத்தானவையாக வந்தன. பொன்னி, உங்கள் கேப்டவுன் புதிருக்கு விடையின் ஒரு பகுதி அந்த வேன்களுக்குள் இருக்கிறது.

மதியழகனிடம் ஓர் ஐயம் இருக்கிறது. வீட்டில் 99 விழுக்காடு பேருக்குத் தொற்றும் என்கிறது உங்கள் கணக்கு. காசநோய் மிகுந்த நாடுகளில் நோயாளியின் வீட்டாரைச் சோதித்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் தொற்று தெரிகிறது. பாதிக் குடம்தான் நிறைந்திருக்கிறது என்றால், வழிந்துபோனது என்ற விளக்கம் நிற்குமா?

மறுமொழி: மதியழகன்

இளங்கோ, கேட்க வேண்டிய கேள்வி இது. எல்லா நோயாளிகளும் ஒரே அளவில் பரப்புகிறார்கள் என்று நான் கொண்டதே அந்த 99க்குக் காரணம். ரைலியின் கினிப்பன்றிகளே இதை மறுத்தன: வார்டில் இருந்த பலரில் சில நோயாளிகளே பெரும்பாலான தொற்றுக்குக் காரணமாக இருந்தார்கள்.

ஆகவே பத்து நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் மிகக் குறைவாக, மணிக்கு 0.0001 என்ற அளவில் பரப்புகிறார்கள். ஐந்து பேர் 0.0099. சராசரி முன்பிருந்த அதே 0.005. குறைவாகப் பரப்புபவரின் வீட்டில் ஒருவருக்குத் தொற்றும் நிகழ்தகவு 0.086, அதிகமாகப் பரப்புபவரின் வீட்டில் அது கிட்டத்தட்ட 1. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 54 விழுக்காடு, அதாவது நீங்கள் சொல்லும் ஏறத்தாழப் பாதி. ஊர்க் கணக்கில் பாதி என்று தெரிவது, உண்மையில் முழுதும் நிறைந்த சில வீடுகளும் ஏறக்குறைய வெறுமையான சில வீடுகளும் கலந்த கலவை. நிறைந்த வீடுகளில் வழிதல் முன்னைவிடக் கடுமையாகிறது. மொத்தக் கணக்கை மீண்டும் போட்டால் வீட்டில் 2.17, வேலையிடத்தில் 3.02, பேருந்தில் 13.43; வீட்டின் பங்கு 12 விழுக்காட்டுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. உங்கள் ஐயம் விளக்கத்தை உடைக்கவில்லை, இன்னும் இறுக்கிவிட்டது.

தனலட்சுமி அம்மாவுக்கு: நீங்கள் சொன்ன பிரிவினையை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மொத்தப் பரவலில் ஓரிடத்தின் பங்கும், அந்த இடத்திலுள்ள ஒருவருக்கு உள்ள ஆபத்தும் வெவ்வேறு அளவைகள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் லான்செட்டில் வெளிவந்த ரேஷன்ஸ் ஆய்வு உங்கள் பக்கம் நிற்கிறது. நோயாளிகளின் வீட்டிலிருந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்ததில், உணவுப் பொருள்கள் கூடுதலாகப் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. உணவு கொடுத்ததால் காற்று மாறிவிடவில்லை. தொற்றியவர் நோயாளியாக மாறும் வேகம் குறைந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம். பொன்னி, அந்த வேகம் உங்கள் சமன்பாட்டில் தனி அளவுருவாக ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்குப் போகாமல் அதை யாராலும் மாற்ற முடியாது.

மறுமொழி: பொன்னி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இரவாகக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். எல்லா எண்களும் வந்தன. ஒன்று மட்டும் உறுத்துகிறது. பேருந்தில் தினமும் புதிய ஆட்கள் என்று வைத்தோம். எங்கள் ஊரிலிருந்து ஆலைக்குப் போகும் பேருந்தில் வருடம் முழுவதும் அதே முகங்கள்தாம். அப்படியானால் அந்த 30 பேரும் நிறைந்துபோய், பேருந்தின் பங்கு சரிந்துவிடாதா?

மறுமொழி: மதியழகன்

சரியும், ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. முதலில் எடுத்த 0.005ஐயே வையுங்கள். அதே 30 பேர் 90 நாளும் உடன் வந்தால் ஒருவருக்குச் சேர்வது 0.45, நிகழ்தகவு 0.362, மொத்தம் 10.87 தொற்றுகள். முன்பு 13.47 இருந்தது. வீட்டின் பங்கு 17.6இலிருந்து 20 விழுக்காடாக உயர்கிறது, அவ்வளவுதான். 0.45 என்பது குடத்தின் அடிப்பகுதி. வழிதல் இன்னும் தொடங்கவில்லை. ஆண்டு முழுவதும் கண்டறியப்படாமல் இருந்தால் அங்கும் நிறையத் தொடங்கும். தனலட்சுமி அம்மா 90 நாளைக் கேள்வி கேட்டது அதனால்தான் முக்கியம். 90, 180, 365 என்று மூன்று முறை ஓட்டி, இடவாரியான பங்கு எப்படி நகர்கிறது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டுங்கள்.

மறுமொழி: பொன்னி

365 நாளுக்கு ஓட்டிப் பார்த்தேன். அதே முகங்கள் வரும் பேருந்தில் ஒருவருக்குச் சேர்வது 1.825 ஆகிறது, 30 பேரில் 25 பேருக்குத் தொற்றுகிறது. வீட்டிலும் வேலையிடத்திலும் எண்ணிக்கை கூடுவதற்கு அதிக இடமில்லாததால், வீட்டின் பங்கு 11 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. கண்டறியத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வெளியாரைத்தான் அதிகம் தாக்குகிறது என்று இதை எழுதலாம் அல்லவா?

நாட்குறிப்புப் படிவத்தையும் மாற்றிவிட்டேன். யாருடன் பேசினீர்கள் என்ற கட்டத்துக்கு முன்னால், எந்த அறையில் அல்லது வண்டியில் இருந்தீர்கள், உள்ளே ஏறத்தாழ எத்தனை பேர், எவ்வளவு நேரம், ஜன்னல் திறந்திருந்ததா என்ற நான்கு கட்டங்கள் வருகின்றன. "தொடர்பு" என்ற சொல்லைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு "ஒரே காற்றில் இருந்தவர்கள்" என்று போட்டிருக்கிறேன், தனலட்சுமி அம்மா. துறையில் ஒரு கரியமில வாயு மானி இருக்கிறது. அதை ஆலைப் பேருந்தில் ஒரு வாரம் எடுத்துச் செல்ல அனுமதி கேட்டிருக்கிறேன்.